வயல் வீடியோவில் வெட்ட வேண்டியதும் வெட்டக் கூடாததும்

மல்லிகை பயிரிடுகிற விவசாயிக்குக் கவாத்தைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நவம்பர் மாதக் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் விட்டு, மேலே உள்ளதை வெட்டி விடுகிறோம். காய்ந்த குச்சியும், நோய் கண்ட கிளையும், ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் கொம்பும் போகின்றன. தளிர் விட வேண்டிய அடித்தண்டு நிற்கிறது. வெட்டாமல் விட்டால் செடி புதராகும். அடியோடு வெட்டினால் பூ இராது. செல்போனில் எடுக்கிற வயல் வீடியோவுக்கும் இதே கவாத்துதான் வேண்டியிருக்கிறது.

அகரம், தாடிக்கொம்பு வட்டாரத்தில் இன்று செல்போனில் படம் பிடிக்கத் தெரியாத குடும்பம் அரிது. முத்தாலம்மன் திருவிழாக் கூட்டத்தில் தலைக்கு மேல் உயரும் கைகளைப் பார்த்தாலே இது விளங்கும். அதே செல்போன் இப்போது வயலுக்கும் வந்துவிட்டது. வெங்காயத்தில் கோழிக்கால் நோய், கத்தரியில் தண்டுத் துளைப்பான், புதிதாகப் போட்ட சொட்டு நீர்க் குழாய் என்று பலரும் வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்புகிறார்கள். இது வரவேற்க வேண்டிய காரியம். ஆனால் வருகிற வீடியோக்கள் பெரும்பாலும் இரண்டு வகையாக இருக்கின்றன. ஒன்று, பன்னிரண்டு நிமிடம் வெட்டே இல்லாமல் ஓடுவது. இதை யாரும் முழுவதும் பார்ப்பதில்லை. மற்றொன்று, அரை நிமிடத்துக்கு வெட்டிச் சுருக்கியது. இதை எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் எவ்வளவு, எப்போது, எந்த மண்ணில் என்ற விவரமெல்லாம் அதில் பறிபோயிருக்கின்றன.

வீடியோவை வெட்டித் தொகுக்கும் வேலையைச் சிறு விவசாயிகள் தாங்களே கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. எதை வெட்டலாம் என்பதைவிட, எதை வெட்டக் கூடாது என்பதை முதலில் கற்க வேண்டும் என்பதும் என் கருத்து.

விவசாயியே ஏன் செய்ய வேண்டும்?

1960-களில் ஆடுதுறை 27 நெல் ரகத்தைத் திருச்சி வானொலி விவசாயிகளிடம் கொண்டு சேர்த்தது. ரகத்தின் எண்ணை விட்டுவிட்டு ‘ரேடியோ நெல்’ என்றே தஞ்சைப் பகுதியில் பலர் அழைத்தார்கள். 1975-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய பிறகு ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சி நாற்றங்காலையும் உரக்குழியையும் வீட்டுக்குள் காட்டியது. இவற்றால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் மைக்கும் கேமராவும் நகரத்தின் கையில் இருந்தன. விவசாயி கேட்பவராகவும் பார்ப்பவராகவும் மட்டுமே இருந்தார்.

கேமரா கிராமத்தின் கைக்கு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் அண்டை மாநிலத்தில் ஆய்வு நடந்திருக்கிறது. பெங்களூரில் உள்ள மைக்ரோசாப்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் 2006-இல் ‘டிஜிட்டல் கிரீன்’ என்ற முயற்சி தொடங்கியது. உள்ளூர் விவசாயிகளையே வைத்துச் சிறு வீடியோக்கள் எடுத்தார்கள். மாலையில் பக்கத்துக் கிராமத்தாருக்குப் போட்டுக் காட்டினார்கள். ஊரைச் சேர்ந்த ஒருவர் இடையிடையே வீடியோவை நிறுத்தி, கேள்வி கேட்டு, பதில் சொல்லி நடத்தினார். 16 கிராமங்களில் 13 மாதங்கள் நடந்த இந்தச் சோதனையின் அறிக்கை 2009-இல் வெளியாயிற்று. வழக்கமான விரிவாக்க முறையோடு ஒப்பிட்டபோது, சில சாகுபடி முறைகளைக் கடைப்பிடித்தவர்கள் ஏழு மடங்கு அதிகம் என்று கண்டார்கள். ஆன செலவைக் கணக்கிட்டால் பலன் பத்து மடங்கு என்றும் கண்டார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பார்ப்பவர்கள் முதலில் அறிய விரும்புவது, வீடியோவில் பேசுகிறவர் யார், எந்த ஊர் என்பதைத்தான். நம் ஊரிலும் அப்படித்தானே? “யாருப்பா இவரு? நம்ம பக்கத்து ஆளா?” என்று கேட்ட பிறகுதான் காது கொடுக்கிறோம். நம்மைப் போன்ற மண், நம்மைப் போன்ற கிணறு, நம்மைப் போன்ற கைமுதல் உள்ளவர் சொல்லும் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. அந்த வீடியோவைத் திண்டுக்கல்லில் இருக்கும் ஸ்டுடியோக்காரரிடம் கொடுத்து வெட்டச் சொன்னால், அவர் கல்யாண வீடியோவை வெட்டுவது போலத்தான் வெட்டுவார். எது முக்கியம் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தவர் பயிர் வைத்தவர்தான்.

படிப்பில்லாதவர்களால் இது முடியுமா என்ற ஐயம் வேண்டாம். தெலங்கானாவில் ஜஹீராபாத்தை அடுத்த பஸ்தாபூரில், தக்காண வளர்ச்சிக் கழகத்தின் பெண்கள் 1990-களின் கடைசியிலேயே வீடியோப் பயிற்சி பெற்றார்கள். 2001-இல் தங்களுக்கென ஒரு சமுதாய ஊடக அறக்கட்டளையையே அமைத்துக்கொண்டார்கள். தலித் சமூகத்தைச் சேர்ந்த, கூலி வேலை செய்த, பள்ளிக்கூடம் போகாத பெண்கள் இவர்கள். கேமரா வைக்கும் கோணங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். கண்ணுக்கு நேராகச் சமமான உயரத்தில் வைத்து எடுப்பதற்குச் ‘சங்கம் ஷாட்’ என்று பெயர். சங்கக் கூட்டத்தில் எல்லோரும் சமமாகத் தரையில் உட்கார்ந்து பேசுகிறார்கள் அல்லவா, அதனால் அந்தப் பெயர். இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப் புத்தகமும் சொல்லிவிட முடியாது.

எடுக்கும்போதே பாதி வேலை

வெட்டுகிற வேலை எளிதாக வேண்டுமானால் எடுக்கிற வேலை ஒழுங்காக இருக்க வேண்டும். சிவப்புப் பொத்தானை அழுத்தியதிலிருந்து நிறுத்தும் வரை பதிவாவது ஒரு துண்டு. இதைத்தான் ‘கிளிப்’ என்கிறார்கள். பத்து நிமிடம் ஒரே துண்டாக எடுப்பதைவிட, பத்துப் பதினைந்து சிறு துண்டுகளாக எடுப்பதே நல்லது.

எடுத்துக்காட்டாக வேப்பங்கொட்டைக் கரைசல் தயாரிப்பதை வைத்துக்கொள்வோம். 5 சதவீதக் கரைசலுக்கு, நன்கு உலர்ந்த வேப்பங்கொட்டைப் பருப்பு 5 கிலோவை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊற வைக்க வேண்டும். மறுநாள் காலையில் பால் போல வரும் வரை குச்சியால் கலக்கி, மெல்லிய துணியை இரண்டாக மடித்து வடிகட்டி, மொத்தம் 100 லிட்டராகும் வரை தண்ணீர் சேர்க்க வேண்டும். 200 கிராம் சோப்பைக் கரைத்துச் சேர்த்து, மாலை வேளையில் தெளிக்க வேண்டும். இந்த வேலை ஒரு நாள் தொடங்கி மறுநாள் முடிகிறது. இதை மூன்று நிமிடத்தில் காட்ட வேண்டும். பின்வருபவற்றைக் கடைப்பிடித்தால் போதும்.

1. செல்போனைப் படுக்கை வசமாகப் பிடிப்பதா, நிமிர்த்திப் பிடிப்பதா என்று முதலில் முடிவு செய்யுங்கள். குழுக் கூட்டத்தில் டி.வி.யில் காட்டவும் யூடியூபில் வழக்கமான நீள வீடியோவாகப் போடவும் படுக்கை வசம் ஏற்றது. இரண்டையும் கலந்தால் ஒட்டும்போது பக்கங்களில் கறுப்புப் பட்டை விழும்.

2. ஒவ்வொரு வேலையையும் மூன்று தூரத்தில் எடுங்கள். இடம் தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று, ஆள் தெரியும்படி ஒன்று, கையும் பொருளும் மட்டும் தெரியும்படி அருகில் ஒன்று. அளவைக் காட்டும் துண்டு எப்போதும் அருகில் எடுத்ததாக இருக்க வேண்டும்.

3. பொத்தானை அழுத்திய பின் மனத்துக்குள் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணும் வரை கையை அசைக்காதீர்கள். வரப்பில் நடந்துகொண்டே எடுத்தால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

4. வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் இலையின் நிறம் சரியாகத் தெரியும். உச்சி வெயிலில் மஞ்சள் இலையும் வெளுத்த இலையும் ஒன்றாகவே தோன்றும்.

5. செல்போனில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். 1080 தரத்தில் ஒரு நிமிட வீடியோ சுமார் 100 மெகாபைட் இடம் பிடிக்கும். கிராமத்து உபயோகத்துக்கு 720 தரமே போதும்.

வெட்டும் முறை

பெரும்பாலான செல்போன்களில் வீடியோவைத் திறந்தவுடன் ‘எடிட்’ என்றோ, கத்தரிக்கோல் அல்லது பென்சில் படமாகவோ ஒரு பொத்தான் தெரியும். ஒரு துண்டின் முன்னும் பின்னும் வெட்ட அதுவே போதும். பல துண்டுகளை ஒட்டுவதற்கு இலவசச் செயலி ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். இன்ஷாட், கைன்மாஸ்டர் போன்றவற்றைப் பலர் பயன்படுத்துகிறார்கள். எந்தச் செயலியானாலும் உள்ளே இருக்கும் வேலை ஐந்துதான்.

முதலாவது, பொறுக்குதல். எடுத்த எல்லாத் துண்டுகளையும் ஒரு முறை பார்த்து, கை ஆடியது, விரல் மறைத்தது, பேச்சுக் கேட்காதது ஆகியவற்றைக் கழித்து விடுங்கள். விதைக்கு வைக்கும் வெங்காயத்தைப் பொறுக்குகிற மாதிரிதான்.

இரண்டாவது, ஓரம் வெட்டுதல். இதற்கு ‘டிரிம்’ என்று பெயர். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் “ஓடுதா, ஓடுதா?” என்று கேட்கும் இரண்டு விநாடியும், முடிவில் செல்போனைக் கீழே இறக்கும் இரண்டு விநாடியும் இருக்கும். துண்டின் இரு முனைகளிலும் உள்ள கோட்டை விரலால் உள்ளே தள்ளினால் அவை போய்விடும். இதை மட்டும் செய்தாலே வீடியோ பாதி திருந்திவிடும்.

மூன்றாவது, நடுவில் வெட்டுதல். இதற்கு ‘ஸ்பிளிட்’ என்று பெயர். உலக்கையால் இடிப்பது நான்கு நிமிடம் ஓடுகிறதென்றால், தொடக்கத்தில் பத்து விநாடியும், பருப்பு பொடியான பின் பத்து விநாடியும் போதும். இடையில் இரண்டு இடத்தில் வெட்டி நடுத்துண்டை நீக்கி விடுங்கள். நேரம் தாண்டியதைப் பார்ப்பவருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். “மறுநாள் காலை 6 மணி” என்று திரையில் வராவிட்டால், கொட்டியவுடனே வடிகட்டி விடலாம் போலிருக்கிறது என்று ஒருவர் நினைத்துக்கொள்வார்.

நான்காவது, வரிசைப்படுத்துதல். வேலை நடந்த வரிசையே நல்ல வரிசை. மூன்று நிமிடத்தை இப்படிப் பங்கிடலாம்: பேசுபவர், ஊர், தேதி, பயிர் ஆகியவை 15 விநாடி, பொருள்களும் அளவுகளும் 25, இடித்தல் 20, ஊற வைத்தல் 15, மறுநாள் கலக்குதல் 20, வடிகட்டுதல் 20, தண்ணீரும் சோப்பும் சேர்த்தல் 25, தெளித்தல் 20, தெளித்த வரிசையும் தெளிக்காத வரிசையும் 20. கூட்டினால் 180 விநாடி ஆகிறது.

ஐந்தாவது, சேமித்தல். ‘சேவ்’ அல்லது ‘எக்ஸ்போர்ட்’ என்ற பொத்தானை அழுத்தினால் எல்லாத் துண்டும் சேர்ந்து ஒரே வீடியோவாகும். அனுப்பும் முன் இன்னொருவர் செல்போனில், வெளிச்சத்தில் வைத்து ஒரு முறை பாருங்கள்.

ஒரு துண்டு மங்கி மறைந்து அடுத்தது பூப்போல விரிவது, திரை சுழல்வது போன்ற வித்தைகள் எல்லாச் செயலியிலும் கொட்டிக் கிடக்கும். ஒன்றையும் தொட வேண்டாம். நேரடியான வெட்டே போதும்.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை

காற்றும் மோட்டார் சத்தமும் வயலில் பேசுவதைக் கெடுக்கும். எனவே படத்தை முதலில் வெட்டி முடித்துவிட்டு, வீட்டுக்குள் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே பேசிப் பதிவு செய்யலாம். ஏறத்தாழ எல்லாச் செயலியிலும் மைக் படம் போட்ட பொத்தான் இதற்கென இருக்கிறது. நாம் பேசுகிற பேச்சிலேயே பேசுங்கள். செய்தி வாசிக்க வேண்டாம்.

சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். பாட்டுக்கு உரிமையாளர் உண்டு. யூடியூப் அந்த வீடியோவின் ஒலியை நிறுத்தவோ, வருமானத்தைத் திருப்பவோ கூடும். அதைவிட முக்கியம், பாட்டுச் சத்தத்தில் அளவு காதில் விழாது. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்து விவசாயக் குடும்பத்தார் நடத்தும் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021-இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தாண்டியது. தமிழில் அந்த எண்ணிக்கையை முதலில் எட்டியது அதுதான். அம்மி அரைபடுவதும், அடுப்பு எரிவதும், அவர்கள் குரல் கொடுத்துப் பேசுவதும்தான் அதில் நாம் பெரும்பாலும் கேட்கிற சத்தம். நம் வயலின் சத்தமும் கேட்கத் தக்கதே.

வெட்டக் கூடாத ஐந்து

இனிதான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நேரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டலாம். பின்வரும் ஐந்தை மட்டும் வெட்டக் கூடாது.

இடமும் தேதியும்: ஊர், மண் வகை, பட்டம் ஆகியவை தெரிய வேண்டும். செம்மண்ணில் சரியாக வந்தது கரிசலில் வராமல் போகலாம். வைகாசியில் எடுத்த வீடியோவைப் பார்த்து ஐப்பசியில் ஒருவர் செய்வார்.

அளவு: அளவைச் சொல்லவும் வேண்டும், அருகில் காட்டவும் வேண்டும், எழுத்திலும் போட வேண்டும். பஞ்சகவ்யத்தை 3 சதவீதம், அதாவது 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி என்ற கணக்கில் தெளிக்கிறோம். தண்ணீர் ஊற்றும் துண்டை வெட்டிவிட்டால், பார்ப்பவர் கண்ணில் தங்குவது குடமும் டேங்கும் மட்டுமே. இரசாயன மருந்தென்றால் லேபிளில் உள்ள பெயர், அளவு, தெளித்த எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது ஆகிய மூன்றும் இருந்தே தீர வேண்டும். இவை மூன்றும் இல்லையென்றால் அந்த வீடியோவை அனுப்பவே கூடாது. திரையில் போடும் எழுத்து, மெதுவாகப் படிப்பவர் இரண்டு முறை படித்து முடிக்கும் வரை நிற்க வேண்டும்.

தண்ணீர்: நம் மாவட்டத்துக்கு இதுவே முதன்மையானது. ஏக்கருக்கு இத்தனை லட்சம் லாபம் என்று வருகிற வீடியோக்களில் செழித்த தோட்டம் தெரியும். அதன் கிணறு தெரியாது. எத்தனை அடி ஆழ்குழாய்க் கிணறு, எத்தனை மணி நேரம் தண்ணீர் ஓடுகிறது, கோடையில் நிற்கிறதா என்ற கேள்விக்கு விடை இருக்காது. குடகனாற்றில் தண்ணீர் வரும் ஆண்டைக் கணக்காக வைத்து நீண்ட காலப் பயிர் வைத்தவர், வராத ஆண்டில் கன்றோடு கடனையும் சுமக்க வேண்டும். உங்கள் வீடியோவில் தண்ணீர்க் கணக்குக்குப் பத்து விநாடி ஒதுக்குங்கள்.

செலவு: விற்ற விலையைச் சொல்பவர் ஆள் கூலி, விதை, உரம், வண்டி வாடகை, கமிஷன் ஆகியவற்றையும் சொல்ல வேண்டும். மானியம் கிடைத்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஒட்டன்சத்திரம் சந்தையில் ஒரு நாள் கிடைத்த உச்ச விலையை வைத்து ஆண்டு வருமானம் கணக்கிடுவது நியாயமல்ல.

பலிக்காதது: முளைக்காத பாத்தி, புழு வைத்த காய், வாடிய கன்று ஆகியவற்றையும் ஒரு துண்டு எடுத்துச் சேருங்கள். நல்லதை மட்டும் காட்டும் வீடியோ விளம்பரம். கெட்டதையும் காட்டுவது பாடம். பலிக்காததைக் காட்டுகிற விவசாயியின் அடுத்த வீடியோவை ஊர் நம்பும்.

இரண்டு துண்டு சேர்ந்தால் மூன்றாவது பொருள்

வெட்டி ஒட்டுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்ய நாட்டில் லெவ் குலெஷோவ் என்ற திரைப்படக் கலைஞர் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் உணர்ச்சியற்ற முகத்தைக் காட்டும் ஒரே துண்டை, ஒரு கிண்ணம் கஞ்சியோடும், பிறகு ஒரு சவப்பெட்டியோடும் ஒட்டிக் காட்டினார். முதலில் பார்த்தபோது அவர் முகத்தில் பசி தெரிவதாகவும், பிறகு துயரம் தெரிவதாகவும் பார்த்தவர்கள் சொன்னார்களாம். முகம் மாறவில்லை, பக்கத்தில் ஒட்டியதுதான் மாறியது.

நம் வயல் வீடியோவிலும் இதுவே நடக்கிறது. சுருண்ட இலை ஒரு துண்டு. ஸ்பிரேயரால் தெளிப்பது ஒரு துண்டு. பச்சைப் பசேலென்ற செடி ஒரு துண்டு. மூன்றையும் ஒட்டினால், தெளித்ததால்தான் இலை தேறியது என்று பார்ப்பவர் முடிவு செய்துவிடுவார். நாம் வாயால் சொல்லவே தேவையில்லை. வெட்டே ‘ஆகையால்’ என்று சொல்லிவிடும். ஆனால் இடையில் ஒரு மழை பெய்திருக்கலாம். வேறு உரம் வைத்திருக்கலாம். மூன்றாவது துண்டு வேறு பாத்தியாகக்கூட இருக்கலாம்.

விஞ்ஞானிகள் இதற்காகத்தான் ஆராய்ச்சிப் பண்ணையில் ஒப்பீட்டுப் பாத்தி என்று ஒன்றை மருந்து தெளிக்காமல் விட்டு வைக்கிறார்கள். அதையே நீங்களும் செய்யலாம். ஒரு வரிசையைத் தெளிக்காமல் விடுங்கள். ஒரு குச்சி நட்டு, அதே இடத்தில் நின்று, அதே நேரத்தில், முதல் நாளும் ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் படம் எடுங்கள். இரண்டு வரிசையும் ஒரே துண்டில், வெட்டில்லாமல் தெரிய வேண்டும். அந்தப் பத்து விநாடிதான் உங்கள் வீடியோவின் உயிர்.

பிறர் அனுப்பும் வீடியோவைப் பார்க்கவும் இது உதவும். வெட்டத் தெரிந்தவருக்கு வெட்டு எங்கே விழுந்திருக்கிறது என்பதும் தெரியும். வேப்பங்கொட்டைக் கரைசல் பூச்சியின் தீனியைக் குறைத்து, வளர்ச்சியைத் தடுத்து, மெதுவாக வேலை செய்வது. தெளித்த மறுநாளே புழுவெல்லாம் செத்து உதிர்ந்ததாக ஒரு வீடியோ காட்டினால், நடுவில் எது வெட்டப்பட்டது என்று கேளுங்கள். தன் அரை ஏக்கரை அடுத்தவர் சொல்லை நம்பி ஒப்படைக்கும் விவசாயிக்கு இந்தக் கேள்வி ஒரு காப்பு.

சாட்சி வீடியோவில் கை வைக்காதீர்கள்

பாடம் சொல்லும் வீடியோ வேறு. சாட்சியாக எடுக்கும் வீடியோ வேறு. ஆலங்கட்டி மழையாலோ வெள்ளத்தாலோ பயிர் சேதமானால், பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் தகவல் தெரிவிக்க வேண்டும். அப்போது எடுக்கும் படத்தையும் வீடியோவையும் வெட்டவோ, எழுத்துப் போடவோ, பாட்டுச் சேர்க்கவோ கூடாது. முளைக்காத விதை, போலி உரம் பற்றிய புகாருக்கும் இதே விதிதான். எடுத்த நாளும் நேரமும் மூல வீடியோவுக்குள்ளேயே பதிவாகியிருக்கும். வெட்டிச் சேமித்தாலோ வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினாலோ அந்த விவரம் அழியலாம் அல்லது மாறலாம், படமும் மங்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் ‘டாக்குமென்ட்’ என்ற வழியாக அனுப்புங்கள். மூலத்தை அழிக்காமல் ஒரு மெமரி கார்டில் வைத்திருங்கள். விதைப் பை, லேபிள், ரசீது ஆகியவற்றோடு இதுவும் இருக்கட்டும்.

படத்தில் வருகிறவர்களின் சம்மதமும் வேண்டும். களை எடுக்க வந்த பெண்கள் தங்கள் முகம் ஊரெல்லாம் சுற்றுவதை விரும்பாமல் இருக்கலாம். கேட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் அந்தத் துண்டை நீக்குங்கள். முகக் கவசமில்லாமல் மருந்து தெளிப்பதைக் காட்டாதீர்கள். பார்க்கிற பையன் அதையும் சேர்த்தே கற்றுக்கொள்வான்.

யார் சொல்லித் தருவது?

மண் பரிசோதனைக்கும் காளான் வளர்ப்புக்கும் பயிற்சி நடத்துகிற வேளாண் அறிவியல் நிலையங்கள், அரை நாளை வீடியோ வெட்டுவதற்கும் ஒதுக்கலாம். நம் மாவட்டத்துக்கு அது காந்திகிராமத்தில் இருக்கிறது. கூடம் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். வருகிறவர்களின் செல்போனே கருவி. மகளிர் சுய உதவிக் குழுக்களில் கணக்கு எழுதும் பெண்களுக்கு இது மிக எளிதில் வரும். அளவும் தேதியும் விடாமல் எழுதிப் பழகியவர்கள் அவர்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், பொத்தான்களை அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். எதை வெட்டக் கூடாது என்பதைப் பெரியவர்கள் சொல்ல வேண்டும். இருவரும் சேர்ந்தால்தான் வீடியோ தேறும்.

விரிவாக்கப் பணியாளர்களான எங்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. விவசாயிகள் அனுப்பும் வீடியோவில் அளவு தவறாக இருந்தால் அன்றே சுட்டிக்காட்ட வேண்டும். சரியாக இருந்தால் நாங்களே எங்கள் கூட்டங்களில் போட்டுக் காட்ட வேண்டும். இலாகா எடுத்த வீடியோதான் வீடியோ என்ற எண்ணத்தை நாங்கள் கைவிட வேண்டும். கர்நாடகச் சோதனையில் வெற்றி தந்தது வெறும் வீடியோ அல்ல. அதை நிறுத்தி நிறுத்திப் பேசிய உள்ளூர் ஆள்தான் என்பதையும் மறக்கக் கூடாது. பத்துப் பேர் திண்ணையில் உட்கார்ந்து ஒரு வீடியோவைப் பார்த்துக் கேள்வி கேட்பது, ஆயிரம் பேர் தனித்தனியே தள்ளிவிட்டுப் போவதைவிடப் பயன் தரும்.

ஒரு வீடியோ சரியாக வந்திருக்கிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. அந்த வேலையை இதுவரை செய்யாத ஒருவரிடம் ஒரே ஒரு முறை காட்டுங்கள். பிறகு செல்போனை வாங்கிக்கொண்டு, “எவ்வளவு பருப்பு, எவ்வளவு தண்ணீர், எத்தனை மணி நேரம் ஊற வேண்டும்?” என்று கேளுங்கள். மூன்றுக்கும் சரியாகப் பதில் வந்தால் அனுப்புங்கள். ஒன்று தவறினாலும், அந்த இடத்தில் வெட்டியதைத் திரும்ப ஒட்டுங்கள்.

இந்த வாரமே ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, பத்துத் துண்டு எடுத்து, ஓரம் மட்டும் வெட்டிப் பழகத் தொடங்கலாம். செலவு ஒன்றுமில்லை. பக்கத்து வயல்காரர் நம்பிப் பின்பற்றக்கூடிய மூன்று நிமிடம் கிடைத்தால், அது ஊருக்கே வரவு.